வெள்ளையில் வைத்த பொட்டு

மருதப்பன் சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். கையில் கரணையோ உளியோ இல்லாவிட்டால், தட்டில் கிடக்கும் சோற்றை உருட்டியாவது ஒரு மூக்கு பிடித்துவிடுவான். அப்படிப்பட்டவனை மாசக்கணக்கில் கையைக் கட்டி உட்கார வைத்தால் என்ன ஆகும்? காகிதத்தில் கை வைத்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சிங்கப்பூர்த் தேக்காவில் எருமைக் கொட்டடிகளுக்கு எதிரே நாகூர் கனியின் மளிகைக் கடை. கடைக்கு மேலே ஓர் அறை. அதில்தான் சிற்பி மருதப்பனும் அவன் மனைவி பூவம்மாவும் குடியிருந்தார்கள். ஊருக்குள் மின்சார டிராம் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சின்ன அம்மன் கோயிலுக்குக் கோபுரம் கட்ட, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேற்றி அழைத்து வரப்பட்டவன் மருதப்பன். செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சுதை வேலை. பாதிக் கோபுரம் எழும்பி நின்ற சமயத்தில் பூவம்மாவுக்கு நாள் தள்ளிப் போயிற்று. கோபுரமும் அப்படியே நின்றது.

ஏனென்றால் மருதப்பன் வழியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்காரி வயிற்றில் உருவம் வளரும்போது வீட்டுக்காரன் வெளியே உருவம் செய்யக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு சமயத்தில் ஓர் உருவம்தான். கொடி ஓட்டலாம், தாமரை இதழ் போடலாம், தூணுக்கு வளையம் கட்டலாம். முகம் வைத்த எதையும் தொடக் கூடாது. கோயில் கமிட்டிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "சிங்கப்பூருக்கு வந்துமா இதெல்லாம் பாக்குறீரு?" என்று ஏசிப் பார்த்தார்கள். மருதப்பன் அசையவில்லை. அவன் அசையாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது கமிட்டிக்காரர்களுக்குத் தெரியாது.

ஊரிலிருந்து கப்பலேறியபோது அவர்கள் மூன்று பேர். குஞ்சரத்துக்கு அப்போது இரண்டு வயசு. நடுக்கடலில் காய்ச்சல் கண்டது, விடியும்போது போய்விட்டாள். திறந்த கண் திறந்தபடியே கிடந்தாள். கப்பலில் பிணத்தை வைத்திருக்க விடுவார்களா? பூவம்மாவின் பழைய சேலை ஒன்றில் சுற்றி மேல்தட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "எம் பிள்ளை கண்ண மூடிட்டு வந்துடறேன், விடுங்கடி" என்று பூவம்மா கத்திய கத்தலில் கப்பலே நடுங்கியது. கீழ்த்தட்டில் நாலு பெண்கள் அவளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், பாவிகள். மேலே நின்று பார்த்தவன் மருதப்பன் ஒருவன்தான். என்ன பார்த்தான் என்று அவன் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. குஞ்சரம் என்ற பேரே தேக்கா அறையில் எழுந்ததில்லை.

ஆகவே இந்தப் பிள்ளை என்றால் இரண்டு பேருக்கும் உயிர். பூவம்மா மாடிப்படி இறங்கினால் மருதப்பன் முன்னால் இறங்குவான். கீழே கடையில் தகர டப்பா விழுந்தால் வயிற்றில் பிள்ளை உதைக்கும். அந்த உதைக்காகவே பூவம்மா டப்பா விழக் காத்திருப்பாள். ஏழாம் மாசம் நடந்துகொண்டிருந்தது.

மருதப்பன் சீனன் கடையில் பாய் அகலத்துக்கு ஒரு முரட்டுக் காகிதம் வாங்கி வந்தான். அடுப்புக்கரியால் வரைய ஆரம்பித்தான். வரைந்தான் என்றா சொல்வது? கரியை வைத்துத் தேய்த்தான், உள்ளங்கையால் இழுத்தான், செங்காவியில் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு தெறிக்கவிட்டான். அந்தக் கோட்டின் மேலும் கரியை அப்பினான். நாலு பக்கமும் கருமை ஏறி ஏறி வந்து, நடுவில் மட்டும் கை அகலத்துக்கு வெள்ளை மிஞ்சியது. அந்த இடத்தை அவன் தொடவில்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று, உத்தரத்தில் நூல் கட்டிக் காகிதத்தைச் சுவரோரம் தொங்கவிட்டான்.

"என்னங்க இது?" என்று பூவம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை கரி?"

"உருவம்தானே கூடாது. இதுல உருவம் எதுவும் இல்லயே, பூவு. கைக்கு ஒரு வேலை, அவ்ளோதான்."

ஆனால் அதை வரைந்த பிறகு மருதப்பன் கலகலப்பாகிவிட்டான். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அவன் தூக்கத்தில் பல்லைக் கடிப்பான். அது நின்றுபோயிற்று. பூவம்மாவுக்கு அது போதும். படம் என்னவாக இருந்தால் என்ன, அவளைப் பொறுத்தவரை அது நல்ல படம்.

கீழ்வீட்டு ஆமினா பீவிக்கும் அது பிடித்திருந்தது. ஆமினா பீவி கடைக்காரர் நாகூர் கனியின் மனைவி. பூவம்மா அவளை லாத்தா என்று கூப்பிடுவாள், கூடப்பிறந்த அக்காளைக் கூப்பிடுகிற பாசத்தோடு. சாமி படம் மாட்டியிருந்தால் ஆமினா பீவி வாசலோடு நின்றுகொள்வாள். இதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இதுல மூஞ்சியும் இல்ல, முகரையும் இல்ல. இந்த மாதிரி படம்னா எங்க வீட்லயே மாட்டலாம், புள்ள" என்று சொல்லிச் சிரித்தாள்.

விஷயம் பரவி, ஆட்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். ஒருத்தன் எருமைக் குட்டை என்றான், ஒருத்தன் எரிந்த செங்கல் சூளை என்றான். கடைசியில் கோயில் கணக்கர் பாலகிருஷ்ணன் வந்தார். அவர் கண்ணைப் பற்றித் தேக்கா முழுக்கத் தெரியும். அவர் "பேஷ்" என்று சொன்ன கறவை மாடு மறுவேளை மடியை இறுக்கிக்கொள்ளும். மனுஷர் படத்துக்கு நேராக நின்று, வெற்றிலையை மெல்லவும் மறந்து பார்த்தார்.

"என்னமோ பண்ணுதுய்யா, மருதப்பன். கண்ண எடுக்க முடியல. பேஷ், பேஷ்!"

சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே, கோயிலில் கொடி ஓட்டிக்கொண்டிருந்த மருதப்பன் சாரத்திலிருந்து சறுக்கி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தான். பூவம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ஆளு கண்ணுல கொள்ளியை வைக்க!" என்று திட்டிக்கொண்டே கட்டுப் போட்டாள்.

மறுநாள் காலை, அவன் வேலைக்குப் போனதும் அவள் ஒரு காரியம் செய்தாள். திருஷ்டி பட்டால் பெண்பிள்ளை வேறென்ன செய்வாள், சொல்லுங்கள்? பிள்ளைக்குக் கன்னத்தில், புது வீட்டுக்கு வாசலில், காய்த்த பூசணிக்கு அதன் முதுகில் வைப்பதுதானே வழக்கம். தன் கண்மைச் சிமிழைத் திறந்து, விளக்கெண்ணெயில் குழைத்த மையை விரலில் தொட்டு, படத்துக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். ஓரத்தில்தான் வைக்க நினைத்தாள். ஓரமெல்லாம் ஒரே கரி, அதில் வைத்தால் பொட்டு எங்கே தெரியும்? வெள்ளை இருந்தது நடுவில் மட்டும். அங்கே வைத்தாள். ஓர் அடி பின்னால் நகர்ந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, நேராக நின்று பார்த்தாள்.

பொட்டும் அவளைப் பார்த்தது.

சீ, மனப்பிராந்தி என்று உதறிவிட்டு உலை வைக்கப் போனாள். அரிசி களையும்போது பிடரி குறுகுறுத்தது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை, காகிதம் மட்டும் நூலில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே கடையில் டப்பா விழுந்தது. பூவம்மா வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். உதை வரவில்லை. தூங்குது போல என்று நினைத்துக்கொண்டாள். உச்சிவேளைக்குள் இன்னும் இரண்டு முறை டப்பா விழுந்தது. உள்ளே ஓர் அசைவும் இல்லை.

மத்தியானம் ஆமினா பீவி மீன் ஆணம் கொண்டுவந்தாள், ஒரு கிண்ணத்தில் சூடான குழம்பு. அறை வாசலுக்கு வந்தவள் சட்டென்று நின்று, தலைத்துணியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்நிய மனுஷர் யாராவது உள்ளே இருந்தால்தான் அப்படிச் செய்வாள்.

"யாரு புள்ள உள்ள?"

"யாருமில்லயே, லாத்தா. அவரு கோயிலுக்குப் போயிருக்காரு."

"இல்ல, யாரோ பாக்குறாங்க." அவள் பார்வை அறையைச் சுற்றிவிட்டுக் காகிதத்தில் போய் நின்றது. "அது என்னது, நடுவுல?"

"திருஷ்டிப் பொட்டு. நாந்தான் வச்சேன்."

"அழிச்சிடு, புள்ள. நேத்து வரைக்கும் அது என்னமோவா இருந்துச்சு. இன்னிக்கு யாரோவா இருக்கு." ஆமினா பீவி கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டு, ஏதோ ஓதிக்கொண்டே படியிறங்கிவிட்டாள்.

பூவம்மா ஈரத்துணியால் துடைத்தாள். சுற்றியிருந்த கரி துணியோடு வந்தது, பொட்டு வரவில்லை. நூலைத் திருகிக் காகிதத்தைச் சுவர்ப்பக்கம் பார்க்கத் திருப்பிவிட்டாள். வெறும் முதுகு தெரிந்தது. மூச்சு விட்டாள். சாயங்காலம் மருதப்பன் கேட்டபோது, காற்றில் திரும்பிக்கொண்டது என்று பொய் சொன்னாள். பிள்ளை அசையாததையும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்ற பயம்.

விடிந்ததும் முதல் வேலையாகச் சுவரைப் பார்த்தாள். எண்ணெய் மை இரவெல்லாம் ஊறியிருந்தது. காகிதத்தின் முதுகில், வெறும் வெள்ளையில், அதே இடத்தில் பொட்டு வந்திருந்தது. கீழே தரையில் ஈரம். மழையுமில்லை, ஓடும் ஒழுகவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. கடல் தண்ணீர்.

"ஏங்க!" என்று அலறிவிட்டாள்.

மருதப்பன் எழுந்து வந்து பார்த்தான். எண்ணெய் ஊறிய காகிதம் என்று சிரித்துவிடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"கண்ணத் திறந்துட்டியே, பூவு."

"நான் பொட்டுதானே வச்சேன்!"

"நடுவுல கருப்பா வச்சா அது பொட்டில்ல, கண்ணு. சிலைக்குக் கண் திறக்கும்போது நாங்க யாரும் முன்னால நிக்க மாட்டோம். ஒதுங்கி நின்னு, கண்ணாடியப் பாத்துத் திறப்போம். முத பார்வை கண்ணாடியில விழணும், அப்புறம் பசுவுல. மனுஷர் மேல விழக் கூடாது. நீ எங்க நின்ன?"

"நேராத்தான் நின்னேன்."

"வயித்தோடயா?"

பூவம்மா அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். அவன் காத்திருந்தான். அவனுக்கும் தெரிந்துபோயிற்று. குலுங்கிக் குலுங்கி அழுதான், அந்த முரட்டு மனுஷன்.

மருத்துவச்சி ரத்தினம்மாவை ஓடிப்போய் அழைத்து வந்தார்கள். அவள் வயிற்றைத் தடவி, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினாள். "உசிரு இருக்கு. ஆனா எதையோ கண்டு மிரண்ட மாதிரி ஒடுங்கிக் கெடக்கு. இன்னிக்குள்ள அசையணும், தாயி. அசையலன்னா நான் பொறுப்பில்ல" என்று பச்சையாகச் சொல்லிவிட்டாள்.

மருதப்பனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கண் திறந்த உருவத்தை வைத்துக் கும்பிட முடியாவிட்டால் உப்புத் தண்ணீரில் கரைக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் செய்ய வேண்டும். நாகூர் கனியின் மாட்டுவண்டி தேங்காய் ஏற்ற பிடோக் கடற்கரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. "நீ வராத" என்றான் மருதப்பன். "அது என்னைத்தான் பாத்துச்சு, நான் வராம தீருமா?" என்று பூவம்மா ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஆமினா பீவி முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டாள். காகிதத்தின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

கேலாங் ஆற்றைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே வண்டி ஆடி ஆடிப் போயிற்று. சுருட்டிய காகிதம் மருதப்பன் மடியில் கிடந்தது. சுருளின் வெளிப்பக்கத்திலும் பொட்டு தெரிந்தது. அவன் சுருளை எந்தப் பக்கம் புரட்டி வைத்தாலும் வண்டிக் குலுக்கலில் அது உருண்டு, பூவம்மா இருந்த பக்கமே வந்து நின்றது. வழியெல்லாம் அவள் வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

பிடோக் போய்ச் சேர்ந்தபோது சரியான உச்சிவெயில். வண்டிக்காரன் தோப்புக்குள் போய்விட்டான். கரையில் ஈ காக்கை இல்லை. ஓலை அசையவில்லை, அலை கூடச் சத்தம் போடாமல் வந்து போனது. காலடியில் நிழலே இல்லாத அந்த வேளையில் மருதப்பன் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, காகிதத்தை விரித்தான். கறுப்புக்கு நடுவில் வெள்ளை. அவனைச் சுற்றிலும் வெயிலில் கறுத்த தண்ணீர், அவன் கால் பட்ட இடத்தில் வெள்ளை நுரை. பூவம்மா ஒரு முறை தண்ணீரைப் பார்த்தாள், ஒரு முறை காகிதத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, நில்லுங்க. அன்னிக்குக் கப்பல்ல, மேல நின்னு என்ன பாத்தீங்க?"

மருதப்பனின் முதுகு விறைத்தது.

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க. ஒரு நாளும் நான் கேட்டதில்ல. இப்பக் கேக்கிறேன்."

அவன் திரும்பாமலே சொன்னான். "தண்ணி கறுப்பா இருந்துச்சு. போட்டாங்க. விழுந்த எடத்துல வெள்ளையா திறந்துச்சு. கப்பல் போய்க்கிட்டே இருக்கு, நான் அந்த எடத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். சுத்தி எல்லாம் கறுப்பு, அது ஒண்ணுதான் வெள்ளை. எனக்கு அது மூடவே இல்ல, பூவு."

சொல்லி முடித்த பிறகுதான் அவனே கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். ஒன்றுமில்லாததை வரைந்தேன் என்று அத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

"நம்ம குஞ்சரம்" என்றாள் பூவம்மா. அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னது கப்பலுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "அவதாங்க பாக்குறா. அம்மா வயித்துல வேற யாரோ இருக்காங்களேன்னு பாக்குறா."

"அப்படின்னா சீக்கிரம் கரைக்கணும்."

"இன்னொரு வாட்டி எம் பிள்ளையத் தண்ணில போடுவீங்களா?"

பூவம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பயமில்லை என்று சொன்னால் அது பொய். காகிதத்துக்கு நேரே போய் நின்றாள். பொட்டு அவளைப் பார்த்தது. இமைக்கத் தெரியாத பார்வை. அன்று கப்பலில், விடியற்காலையில் குஞ்சரம் பாயில் கிடந்தபோது பார்த்த அதே பார்வை.

"என்னை விடலடி, கண்ணு. அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாளுவ. உன் கண்ண மூட அம்மா வரணும்னுதான் கத்தினேன். கேட்டுச்சா உனக்கு?"

கட்டைவிரலைப் பொட்டின் மேல் வைத்தாள். காகிதம் சில்லென்று இருந்தது. மேலிருந்து கீழாக, இமையை மூடுவதுபோல, மெல்ல வருடினாள். "தூங்கு, சாமி. தம்பியோ தங்கச்சியோ வரட்டும். நீதான் பாத்துக்கணும். பாத்துக்குவியா?"

விரலை எடுத்தாள். வெள்ளை வெறும் வெள்ளையாக இருந்தது. அவள் கட்டைவிரல் நுனியில் கரிய வட்டம் ஒட்டியிருந்தது. மருதப்பன் காகிதத்தின் முதுகைத் திருப்பிப் பார்த்தான். அங்கேயும் இல்லை. பிடி தளர்ந்து காகிதம் தண்ணீரில் விழுந்தது. கரி கலைந்து, செங்காவி கரைந்து, ஊறிக் கிழிந்து அலையோடு போயிற்று. இப்போது அது காகிதம், அவ்வளவுதான். அவர்கள் தடுக்கவில்லை.

கரையேறும்போது பூவம்மா "ஐயோ" என்று நின்றாள். மருதப்பன் பதறிப்போய்த் தாங்கினான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். உள்ளே உதை விழுந்தது, சும்மா இல்லை, விலா எலும்பு தெறிக்கிற உதை.

தையில் பெண் பிறந்தது. ரத்தினம்மா கைவிரல், கால்விரல் எல்லாம் தடவிப் பார்த்து, குறையொன்றும் இல்லை என்றாள். மருதப்பன் மறுபடி கரணையைப் பிடித்தான், கோபுரம் வளர்ந்தது. பூவம்மாவின் கட்டைவிரல் கறுப்பு மட்டும் போகவில்லை. சீயக்காய் போட்டாள், சாம்பல் போட்டாள், சுண்ணாம்பு தேய்த்துத் தோல் கூட உரிந்தது. புதுத் தோலிலும் வட்டம் இருந்தது. ஆமினா பீவி அந்த விரலைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள், ஆனால் முன்போல உள்ளே வந்து உட்கார்ந்து குழந்தையைக் கொஞ்சுவாள்.

ஒரு நாள் பாலகிருஷ்ணன் குழந்தை பார்க்க வந்தார். தூளிக்கு மேல் குனிந்து, "பேஷ்" என்று வாயெடுத்தவர் குழந்தையின் கன்னத்துப் பொட்டைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றது. செருப்பைக் கூட மாட்டாமல் படியிறங்கிப் போனவர், பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

குழந்தைக்குப் பொட்டு வைக்கப் பூவம்மா மைச் சிமிழைத் திறந்ததே இல்லை. கட்டைவிரலைக் கன்னத்தில் ஒற்றினால் போதும், பளிச்சென்று பதியும். விளக்கைத் தணித்ததும் குழந்தை தூங்கிவிடும். பொட்டு தூங்காது. முதல் சில நாள் மருதப்பன் அதைப் பார்த்துவிட்டுப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

"நீங்க படுங்க," என்றாள் பூவம்மா, தூளியை ஆட்டிக்கொண்டே. "அக்காக்காரி முழிச்சிருக்கா. அவ பாத்துக்குவா."